வாப்பாவுக்கு ஒரு ஞாபகப் பெட்டி

கோட்டாறில் பக்கீர் முகம்மதுவின் பாத்திரக் கடை எது என்று யாரிடமும் வழி கேட்க வேண்டாம். பெரிய அண்டா இருக்கும் கடை என்றால் போதும், தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வழி காட்டும்.

அது சாதாரண அண்டா இல்லை. அதில் பிரியாணி போட்டால் நாகர்கோவில் முழுக்கச் சாப்பிடலாம். மிச்சத்தை லாரியில் ஏற்றி அஞ்சுகிராமத்துக்கு அனுப்பலாம். கடையில் வேலை பார்க்கும் முருகதாஸ் ஒருமுறை அதற்குள் இறங்கித் தேய்த்துவிட்டு வெளியே வருவதற்குள், அவருக்குத் தாடி முளைத்துவிட்டது.

இப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, முருகதாஸேதான். அதை அப்படியே நம்பியவள் சுல்ஃபியா. அப்போது அவளுக்கு நாலு வயது. இப்போது ஆறாம் வகுப்பு. இப்போது பாதிதான் நம்புகிறாள்.

சுல்ஃபியாவின் வாப்பாதான் பக்கீர் முகம்மது. கல்யாண வீடுகளுக்கு அண்டாவும் சருவமும் வாடகைக்குக் கொடுப்பார். வாசலில் எவர்சில்வர் தூக்குவாளிகளை வரிசையாகத் தொங்கவிட்டு விற்பார். வெயில் பட்டால் அந்த வரிசை மின்னுகிற மின்னலில், எதிர்க்கடை தையல்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஊசியில் நூல் கோப்பார்.

நோன்பு மாதம் பிறந்ததும் அந்த வரிசைக்கு ஏதோ ஆகிவிட்டது. இன்று ஒன்று இல்லை. நாளை இன்னொன்று இல்லை. பல் விழுந்த வாய்போல ஆகிவிட்டது கடை வாசல்.

"வித்தும் போகல. வாடகைக்கும் போகல. காத்துல கரைஞ்சா போகும்?" என்று வாப்பா புலம்பினார்.

அந்த நேரம் பார்த்து ஜாஸிம் மாமா ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தார். அவர் உம்மாவின் தம்பி. கேமரா கேட்டிருந்தார் வாப்பா. மாமாவும் நாலு கேமரா கொண்டு வந்தார். ஆனால் அந்தக் கேமராக்கள் பார்ப்பதையெல்லாம் பதிவு செய்கிற பெட்டியைக் காணோம்.

"பெட்டி எங்கடே?" என்றார் வாப்பா.

மாமா தலையைச் சொறிந்தார். "ஏர்போர்ட்டுல எடை கூடிட்டு மச்சான். ஏதாவது ஒண்ண எடுத்து வெளிய வைன்னுட்டான். பால்பவுடரை எடுத்தா அக்கா ஏசுவா. சோப்பை எடுத்தா அக்கா ஏசுவா. தைலத்தை எடுத்தா தெருவே ஏசும். பெட்டி ஒண்ணுதான் யாரும் ஏசாத சாமானமா தெரிஞ்சு."

"கண்ணை நாலு கொண்டு வந்துட்டு, தலையை அங்க வச்சுட்டு வந்திருக்கான்!" என்று வாப்பா ஏசினார். ஆக, ஏச்சு மட்டும் எந்தச் சாமானத்தை எடுத்திருந்தாலும் தப்பியிருக்காது.

சனிக்கிழமை மதியம். பள்ளிக்கூடம் கிடையாது. சுல்ஃபியாவும் அன்று நோன்பு வைத்திருந்தாள். வீட்டு உள்ளறையில் வாப்பா உம்மாவிடம் மெதுவாகப் பேசுவது அவள் காதில் விழுந்தது.

"கடைச் சாவி ரெண்டு பேர்ட்டதான் உண்டு. ஒண்ணு என்கிட்ட. நான் எடுக்கல. மத்தது முருகதாஸ்ட்ட."

"ச்சே! முருகதாஸ் அப்படிப்பட்ட ஆளா?" என்றாள் உம்மா ஹலீமா பீவி.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா தினமும் மத்தியானம் அண்டாவுக்குப் பின்னால போய் ஒளியுதான், கேட்டியா? நான் பாத்தா திடுக்குன்னு எழும்புதான். என்னத்தை ஒளிக்கான்? கேமரா வைக்கப்போறேன். ஒண்ணு நேரா அண்டாவுக்குப் பின்னாலதான். கையும் களவுமா பிடிபட்டா, பெருநாளைக்கு முன்னால அவனை அனுப்பிருவேன்."

சுல்ஃபியா செருப்பைத் தேடி மாட்டினாள்.

முருகதாஸ் அண்ணனா கள்ளன்? மழை பெய்தால் தன் சட்டையைக் கழற்றி அவள் புத்தகப் பையை மூடுகிறவர். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது அவள் விழாமலிருக்கத் தான் போய்ச் சாக்கடையில் விழுந்தவர். அவரைக் கள்ளன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு எந்தத் தைலம் போட்டாலும் வலி போகாது.

அவள் விறுவிறுவென்று கடைக்குப் போனாள். அண்டாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

அங்கே முருகதாஸ் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் டீ. மறு கையில் ஏத்தன்பழ பஜ்ஜி. வாயில் பாதி பஜ்ஜி.

"ஐயோ மக்கா!" என்றார். பஜ்ஜி தொண்டையில் சிக்கிக்கொண்டது. "யாருட்டயும் சொல்லிராத!"

"இங்க என்ன செய்றீங்க முருகண்ணா?"

"நீங்க எல்லாரும் தண்ணிகூடக் குடிக்காம இருக்கீங்க. மொதலாளி முன்னால வச்சு நான் எப்படி டீ குடிப்பேன்? பஜ்ஜி வாசம் அவரு மூக்குல ஏறாதா? டீக்கடைக்குப் போயிட்டா கடையில ஆளில்ல. அதான் அண்டா மறைவுல..." என்று இழுத்தவர், பஜ்ஜியின் மிச்சத்தைக் காகிதத்தில் பொதிந்து சட்டைப் பைக்குள் ஒளித்தார். "நீயும் நோன்புதானட்டி? மன்னிச்சிரு. நீ பாத்ததை மறந்திரு."

"யாருட்டயும் சொல்லமாட்டேன் அண்ணா."

சொல்லிவிட்டாள். ஆனால் வெளியே வந்ததும்தான் யோசனை வந்தது. இனி வாப்பாவிடம் எப்படி விளக்குவது? விளக்கினாலும் 'அப்போ தூக்குவாளி எங்கே' என்று கேட்பாரே?

மாலையில் பெட்டி வாங்க வடசேரிக்குப் புறப்பட்டார்கள். லோடு ஆட்டோவை முருகதாஸ் ஓட்டினார். பக்கத்தில் வாப்பா. பின்னால், சருவங்கள் உட்காரும் இடத்தில் ஜாஸிம் மாமாவும் சுல்ஃபியாவும். வானம் கறுத்துக்கொண்டு வந்ததால், மாமா கொண்டு வந்த வெளிநாட்டுக் குடையை வாப்பா மடியில் வைத்திருந்தார். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் டப்பென்று விரியும். வேகமாக அழுத்தினால் ஆளையே தூக்கிக்கொண்டுபோய்ச் சுசீந்திரத்தில் இறக்கிவிடும் என்பது மாமாவின் பேச்சு.

"நல்ல காரியம் மொதலாளி!" என்று முருகதாஸ் உற்சாகமாக ஹாரன் அடித்தார். "பெரிய பெட்டியா வாங்குங்க. கேமராவை நானே ஏணி வச்சு மாட்டுகேன். கள்ளன் மட்டும் சிக்கட்டும், முதல் அடி என்னுதாக்கும்!"

வாப்பா சும்மா இருமினார். பின்னால் உட்கார்ந்திருந்த சுல்ஃபியா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

கேமராக் கடையை நடத்துகிறவள் ஜெப்சி அக்கா. அவர்களை இறக்கிவிட்ட முருகதாஸ் ஆட்டோவை நிறுத்த இடம் தேடிப் போனார். வடசேரியில் சாயங்காலம் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்குள், வண்டிக்கே வயதாகிவிடும்.

ஜெப்சி அக்கா மாமாவின் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கேபிள் மாட்டுற மாடல். நல்லது. எங்க பெட்டிக்குச் சரியா வரும். எத்தனை கேமரா?"

"நாலு," என்றார் வாப்பா.

"பதினாறு கேமரா மாட்டுற பெட்டி குடும்மா," என்றார் மாமா.

"மீதியை எங்கடே மாட்டுவே? உன் நெத்தியிலயா?"

"பின்னால தேவைப்படும் மச்சான். கடை வளரும்லா?" என்ற மாமா, ஜெப்சி அக்கா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, ஷார்ஜாவுல இருந்து போன்ல பாக்க முடியும்லா?"

"நெட் இருந்தா எங்க இருந்தும் பாக்கலாம்."

"பெருநாள் அன்னைக்கும் தெரியுமா?"

"பெருநாள் அன்னைக்கு மட்டும் தெரியாம இருக்க, பெட்டிக்கு லீவா அண்ணே?"

மாமா சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வியை மாமா ஏன் கேட்டார் என்று சுல்ஃபியாவுக்குப் புரிந்தது. பெருநாளுக்கு முன்பே அவர் லீவு முடிகிறது.

ஜெப்சி அக்கா இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. இரண்டிலும் ஒயர் குத்தினாள். சுவரிலிருந்த டிவியில் கடையே தெரிந்தது. மேசை, வாசல், ஆட்கள், எல்லாம்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு?" என்றாள் சுல்ஃபியா.

"வெளிய பாத்தா ஒண்ணுதான் பிள்ளே. ஆனா இது வெறும் பெட்டி. உள்ள டிஸ்க் கிடையாது. எல்லாத்தையும் பாக்கும், ஒண்ணையும் ஞாபகம் வச்சுக்காது. இதுல டிஸ்க் போட்டிருக்கு. நேத்து நடந்ததைக் கேட்டாலும் காட்டும்."

"டிஸ்க் இல்லாட்டா விலை குறையும்லா?" என்றார் வாப்பா.

"குறையும். அதுக்கு நீங்க ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிரலாம் அண்ணாச்சி. அதுவும் பாக்கத்தான் செய்யும்."

நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இந்த நேரத்தில் வாப்பாவுக்கு ஒன்று ஆகும். கண் திறந்திருக்கும். தலை ஆடும். ஆனால் ஆள் உள்ளே இருக்கமாட்டார். போன வருஷம் இதே மாதிரி ஒரு நேரத்தில் உம்மா விளையாட்டாக, "வீட்டை வித்துட்டுச் சந்திரனுக்குக் குடிபோவோமா?" என்று கேட்டாள். வாப்பா, "சரி, துணி எல்லாம் எடுத்து வை," என்றார்.

இப்போதும் அப்படித்தான். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டார். வெளியே மழை சடசடவென்று இறங்கியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓடிவந்து கடையில் ஒதுங்கினாள். வாப்பாவின் பக்கத்திலிருந்த குடையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இந்தக் குடையைக் கொண்டு போகட்டா? பஸ்ஸு எடுத்திருவான். குடையை நாளைக்கு இந்தக் கடையில தந்திருகேன்."

வாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடையை எடுத்து நீட்டினார். "எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோ."

குடை டப்பென்று விரிந்தது. அந்தப் பெண் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் முருகதாஸ் வந்து சேர்ந்தார். வாப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். பெஞ்சைத் தடவினார். பெஞ்சுக்கு அடியில் பார்த்தார்.

"குடை எங்க? இங்கதானே வச்சேன்! ஏலே முருகதாஸ், நீ எடுத்தியா?"

"இல்லையே மொதலாளி." முருகதாஸின் மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அவர் நின்ற இடத்தில் சின்னதாக ஒரு குளமே உருவாகிக்கொண்டிருந்தது. "குடை உண்டுன்னா நான் ஏன் இப்படி நனைஞ்சுட்டு நிக்கேன்?"

சுல்ஃபியா வாப்பாவைப் பார்த்தாள். குளத்தில் நிற்கும் முருகதாஸைப் பார்த்தாள். மேசையில் இருந்த டிஸ்க் இல்லாத பெட்டியைப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்க்கும், ஒன்றையும் ஞாபகம் வைக்காது.

அடேயப்பா!

தூக்குவாளிகள் எங்கே போயின என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் முருகண்ணன் எதிரில் சொன்னால்? தன்மேல்தான் சந்தேகம் இருந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். வாப்பாவும் எல்லார் முன்னாலும் அசிங்கப்பட்டுப் போவார். ஒரே வார்த்தையில் இரண்டு பேரையும் அழவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"முருகண்ணா, பாங்கு சொல்லப்போறாங்க. பேரீச்சம்பழமும் தண்ணியும் வாங்கிட்டு வாறீங்களா? வடையும் வேணும். சூடா போடுற வரைக்கும் நின்னு வாங்கணும்."

"இதோ மக்கா!" என்று முருகதாஸ் மறுபடியும் மழையில் பாய்ந்தார்.

அவர் தலை மறைந்ததும் சுல்ஃபியா ஜெப்சி அக்காவிடம் திரும்பினாள். "அக்கா, டிஸ்க் உள்ள பெட்டியில பழசை எப்படிப் பாக்குறது? இப்ப, கொஞ்சம் முன்னால நடந்ததைக் காட்டுங்களேன். எங்க வாப்பா பாக்கட்டும்."

ஜெப்சி அக்கா அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். ஏதோ புரிந்ததுபோல ஒரு பொத்தானை அழுத்தினாள்.

டிவியில் பெஞ்சு தெரிந்தது. கூரையிலிருந்த கேமரா நேர் மேலிருந்து பார்த்ததால், பெஞ்சில் சாய்ந்திருந்தவரின் முகம் தெரியவில்லை. உச்சந்தலை மட்டும் பௌர்ணமி நிலாபோலப் பளபளத்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். நிலாவுக்குச் சொந்தக்காரர் குடையைத் தூக்கி நீட்டினார்.

வாப்பா பாய்ந்து எழுந்தார். "பாத்தியா! என் குடை! எவன்டே இந்த மொட்டைத்தலையன்? அடுத்தவன் குடையை எடுத்துத் தர்மம் செய்யுதான்! யாருன்னுகூடத் திரும்பிப் பாக்கலை. இப்படியும் ஒரு மடையன் உண்டுமா?"

ஜாஸிம் மாமா வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது.

"வாப்பா," என்றாள் சுல்ஃபியா மெதுவாக. "அவரு சட்டையைப் பாருங்க."

வாப்பா டிவியில் இருந்த சட்டையைப் பார்த்தார். பச்சைக் கட்டம். பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பச்சைக் கட்டம். கை மெல்ல மேலே போய் உச்சந்தலையைத் தடவியது. அந்த இடத்தை அவர் இதற்கு முன் பார்த்ததே இல்லை.

"எப்போ இவ்வளவு போச்சு..." என்று முணுமுணுத்தார். பிறகு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ... தூக்குவாளி?"

"நோன்புக் கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்குப் போறவங்க எல்லாம் நம்ம கடை வழியாத்தான போறாங்க வாப்பா? சிலபேரு பாத்திரத்தை மறந்துட்டு வருவாங்க. கஞ்சி கொடுக்குறது எந்நேரம்? உங்களுக்கு இப்படித் தலை ஆடுற நேரம்தான்."

வாப்பாவின் உதடு அசைந்தது. "எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோ..." என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "யா அல்லாஹ்! நான் போய் அவனை..."

"முருகண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது வாப்பா."

"தெரிஞ்சிரக் கூடாது மக்கா." வாப்பா வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார். "அண்டாவுக்குப் பின்னால அவன் என்ன செய்யுதான்?"

"சொல்லமாட்டேன்னு சத்தியம் செய்யாத குறைதான். ஆனா அது நம்மளுக்கு அவரு செய்யுற மரியாதை வாப்பா. அங்க கேமரா வேண்டாம்."

அந்த நேரம் பார்த்து முருகதாஸ் உள்ளே வந்தார். ஆள் மொத்தமும் நனைந்திருந்தார். வடைப் பொட்டலம் மட்டும் சட்டைக்குள் காய்ந்து சூடாக இருந்தது. மழையில் நின்ற மனிதர் பசித்தாலும் ஒரு வடையைக்கூடக் கிள்ளவில்லை. பொட்டலத்தை வைத்துவிட்டு, "நீங்க திறங்க மொதலாளி, நான் அப்படி வெளிய நிக்கேன்," என்று நகரப் பார்த்தார்.

வாப்பா அவரையே பார்த்தார். பஜ்ஜி எண்ணெய் ஊறிய காகிதம் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். வாப்பாவுக்கு மெதுவாக எல்லாம் விளங்கிவிட்டது.

"எங்க போறே? இங்க இரு," என்று முருகதாஸைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்ட வாப்பா, முதல் வடையை எடுத்து முருகதாஸ் கையில் வைத்தார்.

பிறகு ஜெப்சி அக்காவிடம் சொன்னார். "நாலு கேமரா பெட்டி போதும்மா. ஆனா டிஸ்க் உள்ளதா குடு. எனக்குத்தான் டிஸ்க் இல்ல, பெட்டிக்காவது இருக்கட்டும்."

மறுநாளே முருகதாஸ் ஏணி வைத்துக் கேமராக்களை மாட்டினார். ஒன்று கல்லாவுக்கு. ஒன்று தூக்குவாளி வரிசைக்கு. ஒன்று சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு. நாலாவதை அண்டாவுக்குப் பின்னால் மாட்டத்தான் மாமா அளவெடுத்தார். சுல்ஃபியா தடுத்து, அதைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னாள். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் அவளும் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். யாராவது தூக்குவாளி கேட்டால் வாப்பா "எடுத்துக்கோ" என்பார். சுல்ஃபியா அது யாரென்று பார்த்து வைத்துக்கொள்வாள். கொடுப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

மாமா லீவு முடிந்து ஷார்ஜாவுக்குப் போனார்.

பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து வாப்பா கடைப் பக்கம் வந்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்ற முருகதாஸ் கூவினார். "மொதலாளி! ஓடி வாங்க! தூக்குவாளி எல்லாம் வருது!"

உண்மைதான். மீன் விற்கும் ரீத்தா அக்கா ஒன்றோடு வந்தாள். சகாயசெல்வி டீச்சர் ஒன்றோடு வந்தார். தையல்காரர் வந்தார். லீலாபாய் அக்கா வந்தாள். தெருவே திரண்டு வந்தது. தூக்குவாளி ஒன்றுகூடக் காலியாக இல்லை. முந்திரிக்கொத்து, அச்சப்பம், நெய்மீன் வறுவல், அதிரசம். ஜெப்சி அக்கா அந்த வெளிநாட்டுக் குடையோடு வந்தாள். கூடவே குடையை வாங்கிப்போன பெண் கொடுத்தனுப்பிய ஒரு சீப்பு மட்டிப்பழமும் இருந்தது.

"இவ்வளவு நாளும் ஏன் திருப்பித் தரல ரீத்தாக்கா?" என்று கேட்டாள் சுல்ஃபியா.

"நல்ல கதையா இருக்கே! கஞ்சி வாங்கின பாத்திரத்தை வெறும் பாத்திரமா திருப்பிக் குடுப்பாளா ஒருத்தி? நல்ல மீனு சிக்கட்டும்னு காத்திருந்தேன் பிள்ளே."

முருகதாஸ் வரிசையைப் பார்த்து வாயைப் பிளந்தார். "அப்போ கள்ளன் இவ்வளவு பேரா மொதலாளி? யாரை முதல்ல அடிக்க?"

"என்னை அடி," என்றார் வாப்பா. "இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் நான்தான்டே. எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதான்." சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டு கையிலும் டீ டம்ளரோடு திரும்பி வந்தார். ஒன்றை முருகதாஸிடம் நீட்டினார்.

"இனி அண்டாவுக்குப் பின்னால போகாண்டாம். அடுத்த நோன்புக்கும் இந்த நாற்காலிதான் உனக்கு. என் மூக்கை நான் பாத்துக்கிடுகேன்."

முருகதாஸ் சட்டென்று சுல்ஃபியாவைப் பார்த்தார். 'நான் சொல்லல' என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போது வாப்பாவின் போன் அலறியது. ஷார்ஜாவிலிருந்து ஜாஸிம் மாமா.

"மச்சான்! தெருவே கடையில நிக்குதே! எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருக்கேன். ரீத்தாக்கா கையில நெய்மீனா அது? சகாயசெல்வி டீச்சர் கொண்டு வந்தது முந்திரிக்கொத்துதானே? மூடி மறைக்குது. நம்ம சுல்ஃபியாட்ட அதைக் கொஞ்சம் பக்கத்துல காட்டச் சொல்லுங்க!"

சுல்ஃபியா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். முருகதாஸ் நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டார். முந்திரிக்கொத்துத் தூக்குவாளியின் மூடியைத் திறந்து, கேமராவின் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"பெருநாள் வாழ்த்து மாமா! முதல்ல உங்களுக்குத்தான். எடுத்துக்கோங்க!"